அறுபத்தைந்து மணி ஐம்பது நிமிடம்

எங்கள் ஆய்வகத்தில் மருந்து கண்டுபிடிக்கிறவர்கள் என்று மூன்று பேரைச் சொல்வார்கள். பொருளைச் செய்கிற வேதியியல் சார், அதைக் கிருமியின் மேல் போட்டுப் பார்க்கிற உயிரியல் மேடம், கணினியில் கணக்குப் போடுகிற நான். நான்காவதாக ஒருவர் உண்டு. அவரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஃப்ரீசர் அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அவர். பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. எங்கள் வாயில் வருவது ‘ஃப்ரீசர் அக்கா’தான்.

ஒன்பது ஃப்ரீசர்கள், பதினோராயிரம் குப்பிகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அளவு. யார் எடுத்தார்கள், எப்போது திருப்பித் தந்தார்கள் என்று பதினாறு வருடமாக அக்கா எழுதிவருகிறார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த குப்பி குப்பைக்குப் போக வேண்டும். அதில் அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பார். பத்து நிமிடம் தாமதித்ததற்கு என்னையே வாசலில் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார்.

வீட்டில் அவருடைய அப்பா. ஞாபகம் போய்விட்ட மனிதர், கதவு திறந்திருந்தால் கிளம்பிவிடுவார். பகலில் பார்த்துக்கொள்ள அக்கா ஒரு பெண்ணை வைத்திருந்தார்.

“வீட்டுலயும் பூட்டு, இங்கயும் பூட்டு. எந்தச் சாவி எந்தக் கதவுக்குன்னு சில நாள் கையே மறந்துடுது” என்பார்.

போன வருடம் 4417 என்ற குப்பி கிருமியை நிறுத்திக் காட்டியது. என் கணினியிலும் அது கிருமியின் புரதத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. உண்மையைச் சொன்னால், எதைக் கொடுத்தாலும் என் கணினி எப்படியாவது உட்கார வைத்துவிடும். மேற்கொண்டு சோதிக்க, சார் அதே பொருளைப் புதிதாகச் செய்து கொடுத்தார். கிருமி நிற்கவில்லை, வளர்ந்துகொண்டே போனது. மறுபடி செய்தார். மறுபடியும் ஒன்றுமில்லை.

“உங்க கிருமிக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு” என்றார் சார்.

“கிருமி நல்லாத்தான் இருக்கு. நீங்க என்னத்தச் செஞ்சீங்களோ” என்றார் மேடம்.

நான்கு மாதம் இதே பாட்டு. பழைய குப்பியை ஒரு தடவை சோதித்திருந்தால் முடிந்திருக்கும். அதில் சில சொட்டுகளே மிச்சம். சார் தன் பரிசோதனை மெஷினில் போட்டுக் காலிசெய்துவிடுவார் என்று மேடம் அதைத் தர மறுத்தார். சாரும் வற்புறுத்தவில்லை. “என் கையால லேபிள் ஒட்டினது. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?” என்பார். அவரவர் அறையில் அவரவர் ராஜா. நான் மட்டும் யோக்கியனா? வாயை மூடிக்கொண்டு படம் காட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தோடு இந்த வேலையை மூடிவிடுவதாக இயக்குநர் சொல்லிவிட்டார். மூன்று வருட உழைப்பு.

வியாழக்கிழமை மதியம் அக்கா என் மேசைக்கு வந்தார். அறையை விட்டு வரவே மாட்டார்.

“தம்பி, அந்த 4417 வெளிய கெடந்துச்சு.”

எனக்குப் புரியவில்லை.

“மேடம் அதச் சோதிக்கறதுக்கு முன்னாடி. உள்ள வைக்கப் போறேன், வீட்டுலேர்ந்து ஃபோன். அப்பாவக் காணோம்னு. குப்பிய ஜன்னல் மேல வெச்சுட்டு ஓடிட்டேன். சாயந்திரம் பஸ் ஸ்டாப்புல ஒத்தச் செருப்போட உக்காந்திருந்தாரு. திங்கக்கிழமை வந்து பாத்தா குப்பி வெயில்ல நிக்குது. தூக்கிப் போட்டிருக்கணும். பதினாறு வருஷத்துல என் பேர்ல ஒரு தப்பு எழுதினதில்ல. கை வரல. உள்ள வெச்சுட்டேன்.”

“இதச் சொன்னா வேலை போயிடும்க்கா.”

“போகும். அப்பாவுக்கு ஆள் வெச்சிருக்கறதே இத நம்பித்தான்.”

“அப்புறம் ஏன்?”

“நாலு மாசமா அவங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் திருடன் மாதிரி பாக்கறாங்க. திருடி நான் நடுவுல குப்பி எடுத்துக் குடுத்துட்டிருக்கேன். அலுத்துப்போச்சு தம்பி.”

மறுநாள் கூட்டத்தில் அக்கா எழுந்து நின்று சொன்னார். மேடம் எழுந்து போய், யாரும் கேட்காமலே அந்தச் சொட்டுகளை எடுத்து வந்து சார் முன்னால் வைத்தார். அன்று மாலையே மெஷின் சொல்லிவிட்டது: குப்பிக்குள் இரண்டு பொருள்கள். ஒன்று சார் செய்தது. மற்றது வெயில் செய்தது.

“எவ்வளவு நேரம் வெயில்ல இருந்துச்சு?” என்று கேட்டார் சார்.

“வெள்ளிக்கிழமை மூணு இருபதுலேர்ந்து திங்கக்கிழமை ஒம்பது பத்து வரைக்கும்.”

“அவ்வளவு சரியா எப்படிம்மா?”

“ஃபோன் வந்தப்ப மணி பாத்தேன் சார். அது மறக்காது.”

புதிய குப்பிகளை அதே ஜன்னலில் அதே நேரக்கணக்கில் வைத்தோம். கிருமி நின்றது. சாரும் மேடமும் ஒரே மேசையில் டீ குடித்ததை அன்றுதான் பார்த்தேன். ஜன்னலில் குப்பிகளை அடுக்கியது அக்காதான். முகத்தைத் திருப்பிக்கொண்டே அடுக்கினார்.

வேலை போகவில்லை, சாவி போயிற்று. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, பாத்திரம் கழுவும் அறைக்கு மாற்றினார்கள். நாங்கள் மூவரும் இயக்குநரிடம் போய்க் கேட்டோம். விதி விதிதான் என்றார். வாதாடியிருக்கலாம். களைப்பாக இருந்தது, திரும்பி வந்துவிட்டோம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எங்கள் கட்டுரை அச்சாகி வந்த அன்று ஒரு பிரதியை அக்காவிடம் கொண்டுபோனேன். ஈரக்கையைத் துடைத்துவிட்டு, செய்முறைப் பகுதியை விரலால் தேடினார். ‘அறுபத்தைந்து மணி ஐம்பது நிமிடம் ஒளியில் வைக்கப்பட்டது’ என்று இருந்தது. பையிலிருந்து எச்சரிக்கைக் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் விரித்தார். ‘அறுபத்தைந்து மணி ஐம்பது நிமிடம் கவனக்குறைவாக வெளியே விடப்பட்டது.’

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கட்டுரையின் மேலே எங்கள் மூன்று பெயர்கள்.

“ரெண்டுலயும் நேரம் சரியாத்தான் இருக்கு தம்பி” என்றார். “என் கையெழுத்துதான் ஒண்ணுல மட்டும் கேட்டாங்க.”