நின்றுபோன எண்

என் மகன் செய்த விளையாட்டில் எண் ஏறிக்கொண்டிருக்கும்வரை அவன் நன்றாக இருக்கிறான் என்று நம்பினேன். ஐம்பது வயதைத் தாண்டியவன், ஜாதகக் கட்டத்தைப் பார்த்தாலே கேலி பேசுகிறவன், நம்பினேன்.

அவனுக்கு வேலை போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. பொழிச்சலூரில் எங்களோடு இருக்காமல் பள்ளிக்கரணையில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். போன் செய்தால் ‘சாப்பிட்டேன்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அப்படிப்பட்டவன் ஒரு நாள் தானாகவே அழைத்தான்.

“ஒரு கேம் பண்ணியிருக்கேன்ப்பா. ரெண்டு நாள் வச்சுப் பாத்துட்டுச் சொல்லு. காமெடி வேணாம். உண்மையைச் சொல்லு.”

குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அனுப்பியிருந்தான். காதுகுத்து அழைப்பிதழானாலும் கண் ஆபரேஷன் செய்தியானாலும் எங்கள் குழுவில் ஒரே பதில்தான்: ‘சூப்பர்’, பக்கத்தில் ஒரு கட்டைவிரல். அதுவே வந்து குவிந்தது. யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. நான் திறந்தேன்.

கறுப்புத் திரை. நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. தொட்டால் மேலே எண் ஒன்று கூடும். கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டிருந்தால் அப்புறம் அது தானாகவே ஏறும். பாட்டு இல்லை, வண்ணம் இல்லை, ஜெயிப்பதற்கும் ஒன்றுமில்லை. இவ்வளவு இருட்டாக ஒன்றைச் செய்கிறவனின் மனசு எப்படி இருக்கும்? அவனிடமே கேட்கத் தைரியம் வரவில்லை. எண்ணைப் பார்க்க ஆரம்பித்தேன். பல் தேய்க்கும்போது, காய்கறிக் கடையில், சாப்பாட்டுக்கு நடுவில். ஏறுகிறதா? சரி, பையன் நன்றாக இருக்கிறான்.

“அவன் கேம் அனுப்பினா, நீங்க என்னமோ நாடி பாத்துக்கிட்டு இருக்கீங்க” என்றாள் மனைவி.

மறுநாள் மத்தியானம் பார்த்தேன். எண் நின்றிருந்தது.

போன் செய்தேன். அவன் எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். எடுக்கவில்லை. வண்டியைக் கிளப்பினேன். கீழ்க்கட்டளையில் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோதுதான் லுங்கியோடு வந்திருப்பது தெரிந்தது. மேடவாக்கம் தாண்டுவதற்குள், வழியில் வந்த அம்மன், பிள்ளையார், மாதா எல்லாருக்கும் தனித்தனியாக வேண்டிக்கொண்டேன். யார் அன்றைக்கு டியூட்டியில் இருப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவன்தான் கதவைத் திறந்தான். கையெல்லாம் சோப்பு நுரை. துணி துவைத்துக்கொண்டிருந்தான்.

“என்னப்பா, லுங்கியில?”

“நின்னுபோச்சுடா.”

“எது, வண்டியா?”

என் போனை நீட்டினேன். அதைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

“பயந்துட்டியா?”

வழக்கமாகச் சொல்லிச் சமாளிக்கும் பதில்கள் நாலைந்து நாக்கு நுனிக்கு வந்தன. விழுங்கினேன்.

“ஆமாடா. உனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்.”

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். நுரை விரல்களிலேயே காய்ந்துகொண்டிருந்தது.

“நடுவுல ரொம்ப நாள் எழுந்துக்கவே பிடிக்கலப்பா” என்றான். “இதைப் பண்ணணும்னுதான் எழுந்துப்பேன்.”

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதுகில் கையை வைத்தேன். அவன் தட்டிவிடவில்லை.

“சரி, கேம் எப்படியிருக்கு? அதைச் சொல்லு.”

“நிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டு நிக்கணும்டா. இப்படி மொட்டையா நின்னா, பாக்கிறவன் பொழைக்க வேணாமா?”

அவன் சிரித்தான். நுரை காய்ந்த கையோடு போய் லேப்டாப்பைத் திறந்தான். “சூப்பர்னு சொல்லாத மொத ஆளு நீதான்ப்பா” என்றபடியே தட்டச்சு செய்தான்.

அந்த எண் ஏன் நின்றது என்பதையும் அப்போதே சொன்னான். ஒரு நாள் முழுக்க யாரும் தொடாவிட்டால் நின்றுவிடும்படிதான் அதைச் செய்திருந்தான். முதல்முறை திறந்தபோது தொட்டதோடு சரி; அதன்பிறகு நான் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அந்தப் புள்ளியை ஒருமுறைகூடத் தொடவில்லை.