பம்போடு முன்னால் போனவள்

“மத்த மூணு பேரும் எங்கம்மா?”

அன்று மலைப் பந்தயத்தின் நடுவில் நர்சிசா தோவபாந்தாவை நிறுத்திய கேள்வி இது. முகமெல்லாம் சேறு. சைக்கிளின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு, இறங்கி வந்த மலையைத் திரும்பிப் பார்த்தாள். மேகம் பாதி மலையை மூடியிருந்தது. ஒருவரையும் காணோம்.

கேட்டவர், பந்தயக்காரர்களின் அட்டையில் முத்திரை போடுவதற்காக ஒரு மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருந்த பெண்மணி. சிவப்புப் போஞ்சோப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தார்.

“வந்துட்டிருப்பாங்க. நான் கொஞ்சம் வேகமா இறங்கிட்டேன்” என்றாள் நர்சிசா.

“எவ்வளவு வேகமா வந்தாலும் நான் முத்திரை குத்த மாட்டேன். நாலு பேரும் என் கண்ணு முன்னாடி ஒண்ணா நிக்கணும். உனக்கு யாரும் சொல்லலையா?”

சொல்லியிருந்தார்கள். காதில் விழுந்ததுதான், மண்டையில் ஏறவில்லை.

எங்கள் ஊர் சல்செதோவில் நர்சிசாவைத் தெரியாதவர்கள் குறைவு. நெடுஞ்சாலை ஓரத்தில் அவள் மாமா வைத்திருக்கும் பஞ்சர் கடையில், பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து டயர் கழற்றுகிறாள். லாரி டயரைத் தனியாகப் புரட்டிப்போடுவாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மலைச் சைக்கிள் பந்தயம். ஜெயித்த கோப்பைகளில்தான் கடையின் வால்வு மூடிகளும் ஒட்டுத் துண்டுகளும் கிடக்கும். அந்தப் பந்தயங்களில் பாதைக்குக் கயிறு கட்டியிருப்பார்கள், வளைவுக்கு வளைவு அம்புக்குறி இருக்கும். முன்னால் போகிறவள் ஜெயிப்பாள். அவ்வளவுதான் சட்டம்.

அந்தக் கடைக்குத்தான் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் எர்னான் ஒரு நாள் வந்தான்.

“நர்சி, எங்க குழுவுல ஒரு இடம் காலி. சைக்கிள், நடை, அப்புறம் ஆத்துல ரப்பர் படகு. மேட்டுப் புல்வெளியில ஆரம்பிச்சு கீழ ஆத்தோரம் இருக்கற தேனா ஊர் வரைக்கும். நாலு பேர் குழு. அதுல ஒருத்தராவது பொண்ணா இருக்கணும். எங்க பொண்ணு தோள்பட்டையை உடைச்சுக்கிட்டா.”

“பாதையில அம்பு போட்டிருப்பாங்களா?”

“அம்பும் கிடையாது, கயிறும் கிடையாது. முந்தின நாள் சாயங்காலம் ஒரு வரைபடம் கையில குடுப்பாங்க. அதைப் பார்த்துப் போயிக்க வேண்டியதுதான்.”

நர்சிசா சிரித்தாள். சைக்கிளில் யாரும் தன்னைத் தொட முடியாது, நடப்பதும் துடுப்புப் போடுவதும் சைக்கிளுக்கு நடுவில் வரும் இடைவேளை என்றே அவள் நினைத்தாள். நடப்பதற்கு ஒருத்தி பயிற்சி எடுப்பாளா என்ன? சரி என்று சொல்லிவிட்டாள்.

மற்ற இருவரில் இத்தாலோ ஆற்றங்கரையில் பிறந்தவன். தேனாவில் சுற்றுலாக்காரர்களைப் படகில் கூட்டிப் போகிறவன், அதிகம் பேசமாட்டான். இன்னொருவர் ஃபவுஸ்தோ. உருளைக்கிழங்கு லாரி ஓட்டுகிறவர், நாற்பதைத் தாண்டியவர், முன்னால் தொப்பை. வாய் ஓயாது. இந்தப் பந்தயத்தில் அவர் இறங்குவது மூன்றாவது முறை. முன்பு இரண்டு தடவையும் ஆறு வரை போய், படகில் காலை வைக்க முடியாமல் திரும்பியிருக்கிறார். இருட்டில் ஆறு ஆளை விழுங்கும் என்பதால் மாலை ஐந்து மணிக்கு ஆற்றை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு வரும் குழு பேருந்தில்தான் ஊர் திரும்ப வேண்டும்.

“இந்தத் தடவை படகுல ஏறலேன்னா என் பொண்டாட்டி என்னை வீட்டுத் தொட்டியில வெச்சுத் துடுப்புப் போடச் சொல்லிடுவா” என்று புறப்படும் இடத்திலேயே ஆரம்பித்தார். ஆனால் கட்டிய காலணிக் கயிற்றை அவர் இரண்டு முறை அவிழ்த்து மறுபடி கட்டியதை நர்சிசா பார்த்தாள்.

சுமையைக் குறைப்பதற்காகப் பொருள்களைப் பிரித்துக்கொண்டார்கள். வரைபடம் எர்னானிடம். மருந்து இத்தாலோவிடம். சாப்பாடு, வெல்லக் கட்டி, வறுத்த சோளம் எல்லாம் ஃபவுஸ்தோவிடம். சைக்கிள் சாமான் யாரிடம் என்ற கேள்வியே எழவில்லை. பம்பு, மாற்று டியூப், ஒட்டுத் துண்டு, நெம்புகோல் அத்தனையும் நர்சிசாவின் பைக்குள் போயின. நாலு பேருக்கும் சேர்த்து அந்த ஒரு செட்தான்.

விடியற்காலையில் புறப்பட்டார்கள். ஏற்றத்தில் ஃபவுஸ்தோ மூச்சு வாங்கினார். நர்சிசா ஒவ்வொரு மேட்டிலும் காத்து நின்று காத்து நின்று அலுத்துப்போனாள். உச்சியைத் தாண்டியதும் நீண்ட இறக்கம். எர்னான் கீழே கையைக் காட்டி, “அந்தத் தகரக் கொட்டகைதான் அடுத்த முத்திரை” என்றான். அவளுக்கு அது போதும். பிரேக்கிலிருந்து விரலை எடுத்தாள்.

பாதி வழியில் மேலிருந்து விசில் சத்தம் கேட்டது. மூன்று விசில், மறுபடி மூன்று. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் கூட்டம் இப்படித்தான் விசிலடிக்கும். உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து, இன்னும் வேகமாக மிதித்தாள்.

இப்போது கொட்டகை வாசலில் நின்று இதைச் சொன்னபோது, போஞ்சோ பெண்மணி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“மூணு விசில்னா ‘நில்லு, உதவி வேணும்’னு அர்த்தம்மா.”

நர்சிசா சைக்கிளைக் கீழே போட்டாள். கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பையைத் தொட்டாள். பம்பின் கைப்பிடி முதுகில் குத்தியது.

“நான் திரும்ப மேல போறேன்.”

“எந்த வழியா? வரைபடம் வெச்சிருக்கியா?”

இல்லை. அவர்களிடம் வரைபடம் இருந்தது, பம்பு இல்லை. இவளிடம் பம்பு இருந்தது, வழி தெரியவில்லை.

“நீ அந்தப் பக்கம் ஏற, அவங்க இந்தப் பக்கம் இறங்கினா, அப்புறம் நான் நாலு பேரையும் தேடணும். பேசாம உக்காரு” என்றார் பெண்மணி. குடிக்கச் சூடாக ஏதோ கொடுத்தார். அவள் அதைத் தொடவில்லை. ஒவ்வொரு குழுவும் நாலு நாலு பேராக வந்து, முத்திரை வாங்கிக்கொண்டு போனது. சிலர் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். சிலர் பார்க்காத மாதிரி போனார்கள். அதுதான் அதிகம் வலித்தது.

மேகத்துக்குள்ளிருந்து அவர்கள் மூவரும் வெளியே வந்தபோது மதியம் தாண்டியிருந்தது. ஃபவுஸ்தோவின் பின் சக்கரம் ஒரு பெரிய குருவிக்கூடு போல் இருந்தது. கூரான கல் டயரைக் கிழித்துவிட்டது. டியூபும் போச்சு. மலைப்புல்லைப் பிடுங்கி டயருக்குள் அடைத்து, சட்டைக் கையைக் கிழித்துச் சுற்றிக் கட்டி, பாதி தூரம் ஓட்டியும் பாதி தூரம் உருட்டியும் வந்திருந்தார்கள். சக்கரத்தில் பொத்துக்கொண்டு நின்ற புல்லை நர்சிசா பார்த்தாள்.

ஃபவுஸ்தோ கொட்டகை வாசலில் சைக்கிளைச் சாய்த்தார். பெண்மணியிடம் மரியாதையாகக் கேட்டார்:

“இங்க பஞ்சர் கடைக்காரம்மா யாராவது இருக்காங்களா? ஒரு வண்டி வந்திருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

“அண்ணே, விசில் கேட்டுச்சு. நான் வந்து...”

“கேட்டுச்சா?” என்றான் எர்னான். அவன் முகம் அப்படி மாறி அவள் பார்த்ததில்லை. “கேட்டும் போனியா?”

பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அவன் அதற்குள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “நடக்கணும். அஞ்சுக்குள்ள ஆறு” என்று திரும்பிவிட்டான். இனி நடைப் பகுதி என்பதால் சைக்கிள்களை அங்கேயே விட்டார்கள். பெண்மணி அட்டையில் நாலு முத்திரை குத்தினார்.

அடுத்த அதிர்ச்சி காட்டுக்குள் காத்திருந்தது. செங்குத்தான சரிவு, முழங்கால் சேறு, வேரின் மேல் வேர். நர்சிசா போட்டிருந்தது சைக்கிள் காலணி, அடிப்பாகம் பலகை மாதிரி. வளையவே இல்லை. பத்தடிக்கு ஒரு தரம் உட்கார்ந்து எழுந்தாள். நாளெல்லாம் மிதித்தாலும் வலிக்காத தொடை, இறக்கத்தில் நடந்த கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொண்டு வெட்டி வெட்டி இழுத்தது. இத்தாலோ முயல் மாதிரி போனான். ஏற்றத்தில் மூச்சு வாங்கிய ஃபவுஸ்தோவோ, சேற்றில் எருது மாதிரி நிதானமாக, நிற்காமல் போனார். சந்தையில் மூட்டை தூக்கிய கால் அது.

அவள் மறுபடி விழுந்தபோது அவர் திரும்பி வந்தார். பேசாமல் அவள் பையைக் கழற்றித் தன் மார்புப் பக்கம் மாட்டிக்கொண்டார். தன் இடுப்பிலிருந்த ரப்பர் கயிற்றின் ஒரு முனையை அவள் இடுப்பு வாரில் கோத்தார்.

“வேண்டாம்ணே. நானே வர்றேன்.”

“நீயே வந்ததைத்தான் காலையில பார்த்தோமே.”

கயிறு இழுத்தது. நர்சிசா அழுதுகொண்டே நடந்தாள். காலையில் தான் விட்டுவிட்டு வந்த மனிதர் இப்போது தன்னை இழுத்துக்கொண்டு போகிறார் என்பதை அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

மரங்களுக்கிடையே ஆற்றின் சத்தம் கேட்டதும் நாலு பேரும் ஓடினார்கள். மணல் திட்டில் ஒருவர் கடைசி ரப்பர் படகைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். எர்னான் அட்டையை நீட்டினான்.

“மன்னிச்சுக்கங்க. மூடியாச்சு.”

“வெளிச்சம் இன்னும் இருக்கே ஐயா” என்றாள் நர்சிசா. “என்னாலதான் லேட்டு. என்னை வேணா விட்டுட்டு இவங்க மூணு பேரை...”

“மூணு பேரா குழுவே கிடையாதும்மா.”

தொட்டியைப் பற்றியோ மனைவியைப் பற்றியோ ஃபவுஸ்தோ ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் ஓரம் போய் உட்கார்ந்து, காலணியைக் கழற்றி, பாதத்தை ஆற்றில் வைத்துக்கொண்டார். பேருந்தில் திரும்பும்போது யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தூங்கியிருப்பாள்.

இனி தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்றே நினைத்தாள். சில வாரம் கழித்து உருளைக்கிழங்கு லாரி கடை முன் வந்து நின்றது. முன் டயர் உட்கார்ந்திருந்தது. அவள் டயரைக் கழற்றி ஒட்டிப் போடும்வரை ஃபவுஸ்தோ ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து ஐஸ் குச்சியைச் சப்பிக்கொண்டிருந்தார்.

“எர்னான் கேக்கச் சொன்னான். அடுத்த வருஷமும் வர்றியா?”

அவள் கையிலிருந்த நெம்புகோல் தரையில் விழுந்தது. “என்னையா?”

“உன்னைவிட வேகமா இறங்கறவ இந்த மாகாணத்துலயே இல்ல. பின்னால திரும்பிப் பார்க்கத்தான் உனக்குத் தெரியல. அதுக்குக் கழுத்து ஒண்ணு போதும். ஆனா நடையை நீதான் கத்துக்கணும், அதை நான் தர முடியாது.” குச்சியை வீசினார். “மூணு தடவை தோத்தாச்சு. நாலாவது தடவை தோக்கறதா இருந்தா, தெரிஞ்ச ஆளோட தோக்கலாம்னு பார்க்கறேன்.”

மறுநாளிலிருந்து நர்சிசா கடைக்கு நடந்துதான் வருகிறாள், முதுகில் ஒரு பழைய டயரைக் கட்டிக்கொண்டு. முதல் வாரம் ஊரே வாயைப் பிளந்தது. சைக்கிளை விற்றுவிட்டாளா, பைத்தியம் பிடித்துவிட்டதா என்று ரொட்டிக் கடையில் பேச்சு. “நர்சிசா, டயர் பஞ்சரா, நீ பஞ்சரா?” என்று பேருந்து ஓட்டுநர்கள் தலையை நீட்டிக் கேட்கிறார்கள். அவள் நிற்பதில்லை. அவளோடு இன்னும் இரண்டு பெண்கள் இப்போது நடக்கிறார்கள். மலைச் சைக்கிள்காரிகள். அவர்கள் மெதுவானால் அவள் திரும்பிப் பார்க்கிறாள்.

அடுத்த பந்தயத்துக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அந்த நாலு பேரும் படகில் ஏறுவார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்களுக்குத் தெரிந்த யாராவது, சைக்கிளில் நான் புலி, மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டு இப்படி ஒரு குழுவில் சேரப் போனால், புறப்படுவதற்கு முன் அவர்களைக் கொஞ்சம் உட்கார வைத்து நர்சிசாவின் கதையைச் சொல்லிவிடுங்கள். அவர்களையும் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.