உப்பில்லாத சாமைப் பொங்கல்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதன் பிறகு பள்ளிக்கூடத்துக்குள் போனது கரண்டியோடுதான்.

எங்கள் ஊர்க் கோயில் பொங்கலுக்குச் சமைப்பவர்களில் நானும் ஒருவன். எவ்வளவு பெரிய அண்டா என்றாலும் எனக்குப் பயமில்லை. நாலு பேர் முகத்தைப் பார்த்தால்தான் பயம். ஒருநாள் எங்கள் மகளின் டீச்சர் வீட்டுக்கே வந்தார்.

"வெள்ளிக்கிழமை பெத்தவங்களையும் வரச் சொல்லியிருக்கேன். பிள்ளைங்க முன்னாடி நீங்க சாமைப் பொங்கல் ஆக்கிக் காட்டணும். எல்லாரும் ருசி பார்க்கணும்."

நான் மறுக்க வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "வருவாருங்க" என்று சொல்லிவிட்டாள்.

காரணம் எங்கள் கடைசி மகள். ஆறு வயது. எடை பார்த்த நர்ஸ் உதட்டைப் பிதுக்கியிருந்தார். காட்டில் சாமை விளைகிறது. மகளுக்கோ சோளக்காடு சந்தைக் கடையில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்தான் இறங்குகிறது. தட்டில் சாமையைக் கண்டால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்தாலாவது ஒரு வாய் தின்னமாட்டாளா என்று எங்களுக்கு ஆசை.

வெள்ளிக்கிழமை பாசிப்பருப்பை வறுத்து, சாமையோடு சேர்த்து உலையில் போட்டேன். "பேசிக்கிட்டே செய்யுங்க" என்றார் டீச்சர்.

"இது சாமைங்க" என்று பானையைப் பார்த்துச் சொன்னேன். அதோடு என் பேச்சு முடிந்தது.

"அது எங்களுக்குத் தெரியாதுங்களா? நாங்கதானுங்க விதைக்கிறோம்!" என்றார் பின்னால் இருந்த ஒரு அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். மிளகையும் இஞ்சியையும் தாளித்துக் கொட்டியதும் சிரிப்பு அடங்கி, மூக்குகள் நிமிர்ந்தன. எனக்குத் தைரியம் வந்தது.

இலையில் பரிமாறினேன். முதல் வாய் வைத்த பையன் சொன்னான்: "மாமா, உப்பே இல்லீங்க."

கோயில் சமையலில் சாமிக்குப் படைக்கும் முன் யாரும் ருசி பார்க்க மாட்டோம். உப்புப் போடுவது என் பங்காளியின் வேலை. நான் கிண்டுவதோடு சரி. அந்தப் பழக்கத்திலேயே இறக்கி வைத்துவிட்டேன்.

"ஏனுங்க, சாமிக்கா ஆக்குனீங்க?" என்றார் அதே அம்மா.

"ஆமாங்க" என்று உளறினேன். என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்போது என் மகள் எழுந்தாள். "எங்கப்பாவுக்கு உப்புப் போடத் தெரியாது. நானே போடுறேன்."

டீச்சர் உப்புக் கிண்ணத்தை அவள் முன்னால் நகர்த்தி வைத்தார். ஒரு சிட்டிகை தூவி, பிசைந்து, வாயில் வைத்தாள். "பத்தல." இன்னொரு சிட்டிகை, இன்னொரு வாய். "இன்னும் பத்தல." அடுத்ததில் முகம் சுளித்தாள். "ஐயோ, கரிக்குது. இன்னும் கொஞ்சம் பொங்கல் வெய்யுப்பா!"

அதைப் பார்த்த எல்லாப் பிள்ளைகளுக்கும் உப்புக் கிண்ணம் வேண்டியிருந்தது. "உனக்கு அளவு தெரியாது கண்ணு, இங்க கொண்டா" என்று அம்மாக்களும் இலைக்குள் கைவைத்தார்கள். நான் ஏதோ சொல்ல வந்தேன். மனைவி என் கையைக் கிள்ளினாள். "பேசாதீங்க. எண்ணிக்கிட்டிருக்கேன். ஏழாவது வாய்."

கடைசியில் மகள் எனக்கு ஒரு உருண்டை ஊட்டினாள். "இப்பத் தின்னு பாருப்பா."

நாக்கு சுருங்குகிற அளவுக்கு உப்பு. "சரியா இருக்கு சாமி" என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உப்பு அவள் கையில்தான். சாமைச் சோறானாலும் அவளே போட்டு, அவளே ருசி பார்த்து, அவளே தின்கிறாள். ஒரு சிட்டிகை குறைத்துப் போட டீச்சர் சொன்னால் கேட்பாள். டீச்சரிடம் போய்ச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.