நீலக்கல்லுக்குச் சிவப்பு வட்டம்

நீலக்கல்லை யாரும் பார்த்தவுடன் வாங்கிவிட மாட்டார்கள். மற்றக் கற்களுக்கு ஜாதகம் பார்த்தால் போதும், நீலத்துக்கு மூன்று இரவு வேண்டும். கல்லைத் துணியில் முடிந்து, மோதிரம் போடப்போகிறவர் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்க வேண்டும். நல்ல கனவு வந்தால் கல் அந்த வீட்டில் தங்கும். கெட்ட கனவு வந்தால் நான்காம் நாள் கடைக்குத் திரும்பிவிடும். கோவில்பட்டி பஜாரில் நான் வேலை பார்க்கும் ராசிக்கல் கடையில் அதற்கு முன்பணம் வாங்குவதில்லை, கையெழுத்தும் வாங்குவதில்லை. எந்த ஊர், யார் வீடு என்பதுதான் ஈடு.

திரும்பி வருகிற கல் நாம் கொடுத்த கல்தானா? என்னை வேலைக்கு எடுத்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். ஒருமுறை திரும்பி வந்த நீலம் ஒன்று அவர் கண்ணுக்குச் சரியாகப் படவில்லை. நிரூபிக்க ஒன்றும் இல்லாததால் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டார். அதிலிருந்து கடை வாசலில் ஏறுகிற எல்லோர் மேலும் அவருக்குச் சந்தேகம். நானோ இயற்பியல் பட்டம் முடித்துவிட்டு, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு, உண்மையில் எறும்பையும் உப்புக்கல்லையும் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு பாய் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"கல்லு வெளிய போறதுக்கு முந்தி ஒரு படம், திரும்பி வந்ததும் ஒரு படம். ரெண்டும் ஒண்ணா இல்லையான்னு நீ சொல்லணும். முடியுமா பிள்ள?"

"முடியும் பாய். கைரேக மாதிரி கல்லுக்கும் ரேக உண்டு. எடுத்துத் தாரேன்."

"போனு பொய் சொல்லும்னு சொல்லுதாவளே."

"என் போனு சொல்லாது."

வாசலை ஒட்டி ஒரு சின்ன மேசை கொடுத்தார். காலை வெயில் சாய்வாக அதன்மேல் விழும். ஒரு வெள்ளைத் தாள், அதைச் சுற்றித் தெர்மாகோல் துண்டுகள், கல்லைப் பிடிக்கச் சாமணம், துடைக்க மூக்குக்கண்ணாடித் துணி, போனில் மாட்டிக்கொள்ளும் சின்ன லென்ஸ். அவ்வளவுதான் என் ஸ்டுடியோ. கண்ணுக்குத் தெரியாத தூசி படத்தில் பாறாங்கல் மாதிரி கிடக்கும். பக்கத்தில் மூச்சு விட்டால் கல் மேல் பனி படியும். ஒரு கல்லுக்கு நாற்பது படம் எடுத்து அதில் ஒன்றை வைத்துக்கொள்வேன். முதல் வாரத்திலேயே என் போனும் பொய் சொல்வது தெரிந்துவிட்டது. மங்கலாக இருந்த விளிம்பைத் தானாகவே கூராக்கி, கல்லில் இல்லாத பட்டைகளை வரைந்து வைத்திருந்தது. அழகாக்கிக் காட்டும் வசதிகளையெல்லாம் தேடித் தேடி அணைத்தேன். பாயிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

பங்குனி தொடக்கத்தில் பசுவந்தனைப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். ஐம்பது வயதிருக்கும். மிளகாயும் உளுந்தும் போடுகிற மானாவாரிக் குடும்பம், கரிசல் நிலம் நிறைய உண்டு. வீட்டுக்காரருக்குச் சனி சரியில்லை, நீலம் போடச் சொல்லிவிட்டார்கள் என்றார். பாய் ஐந்து காரட்டில் ஒன்றை எடுத்துக் காட்டினார். நல்ல ஆழமான நீலம். உள்ளே ஒரு ஓரத்தில் மட்டும் வெள்ளி நூல் மாதிரி மெல்லிய கோடு. வாங்குகிறவருக்கு அது குறை, எனக்கு அது அடையாளம். இந்தக் கல்லை எவராலும் மாற்றிக் கொடுக்க முடியாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே எடுத்துத் தள்ளினேன்.

"எதுக்கு பிள்ள இத்தன படம்?" என்று கேட்டார் அந்த அக்கா.

"அழகா இருக்கு, அதான்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கல்லைத் துணியில் முடிந்து கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நான்காம் நாள் காலையில் அதே முடிச்சோடு வந்தார்.

"மூணு ராத்திரியும் வத்தக்களம் தீப்பிடிச்சு எரியுத மாதிரியே கனவாம். வேண்டாம்னுட்டாவ."

"களத்துல வத்தல் காயப் போட்டிருக்கீங்களோ?" என்றார் பாய்.

"காயுதுல்லா. வீடு பூராம் அந்த நெடிதான். அதுல படுத்தா வேற என்ன கனவு வரும்னு கேட்டேன். என் பேச்ச யாரு கேக்கா."

பாய் சிரித்தபடியே முடிச்சை என் பக்கம் தள்ளிவிட்டு, அவருக்கு டீ சொல்லி அனுப்பினார். டீ குடித்து முடிப்பதற்குள் நான் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு.

கல்லைத் துடைத்துத் தாளில் வைத்து முதல் படம் எடுத்தேன். நிறம் செத்துக் கிடந்தது. சாம்பலில் கொஞ்சம் மையைக் கலந்த மாதிரி. சரி, கோடு இருக்குமே என்று பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு இல்லை. சாமணத்தால் திருப்பினேன், மறுபடி திருப்பினேன், கவிழ்த்தேன். முப்பது படம் ஆயிற்று. கோட்டைக் காணோம். காது இரண்டும் சூடாகிவிட்டன. பயம் என்று மட்டும் அதைச் சொல்ல முடியாது. ஒரு திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷமும் அதில் இருந்தது. அதை மறைத்து எழுதினால் இது பொய்யாகிவிடும்.

பாய் கல்லை வாங்கித் தராசில் வைத்தார். எடை அப்படியே இருந்தது. அதைப் பார்த்தாவது நான் நிதானித்திருக்கலாம். ஆனால் மாற்றுகிறவன் எடை பார்க்காமலா மாற்றுவான் என்று பாய் முன்பு எப்போதோ சொன்னதுதான் ஞாபகம் வந்தது. சந்தேகம் வந்துவிட்டால் சரியான எடைகூடக் கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிறது.

"என்ன, எதும் கோளாறா?"

"இல்லக்கா. போனு கொஞ்சம் மக்கர் பண்ணுது."

அவர் டம்ளருக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். கோடு இருந்த இடத்தில் ஒரு சிவப்பு வட்டம், கோடு இல்லாத இடத்தில் இன்னொரு சிவப்பு வட்டம். கீழே 'இது நம்ம கல்லு இல்ல பாய்' என்று எழுதி, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த பாய்க்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதுதான் நாகரிகம் என்று எனக்கு நினைப்பு.

பாய் போன் டிங் என்றது. அவருக்குக் கண் பார்வை மட்டு. போனில் எழுத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி வைத்திருப்பார், ஒரு வரிக்கு மூன்று வார்த்தைகூட நிற்காது. அவர் போனை நீட்டிப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்துப் படித்தார். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அக்காவும் படித்துவிட்டார்.

டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நம்ம கல்லு இல்லன்னா என்ன அர்த்தம் பாய்?"

பாய் அவசரமாகப் போனைக் கவிழ்த்தார். "ஒண்ணுமில்லக்கா. பிள்ள ஏதோ..."

"எனக்கு வாசிக்கத் தெரியும். நான் மாத்திட்டேன்னு சொல்லுதா. இது ஊருக்குள்ள போச்சுன்னா நான் அங்கன தல காட்ட முடியுமா? என் மகளக் கேட்டு வருத சனம் வாசல்ல நிக்குமா?"

சத்தம் போடவில்லை. கைப்பையைத் திறந்து தன் போனை எடுத்தார். "நீங்க எடுத்தா நாங்க எடுக்க மாட்டோமா. திருப்பிக் குடுக்கையில கடையில மாத்திச் சொன்னா என்ன செய்யன்னு எங்க வீட்ல மொதல்லயே சொன்னாவ. தெனமும் ஒரு படம். இன்னைக்கு பஸ் ஏறுததுக்கு முந்தியும் எடுத்தேன். பாருங்க."

நான்கு படங்கள். நான்கிலும் அவர் உள்ளங்கை, அதன் நடுவில் கல், நல்ல வெயில். லென்ஸும் இல்லை, தெர்மாகோலும் இல்லை. நான்கிலும் அந்த வெள்ளி நூல் பளிச்சென்று தெரிந்தது. இன்று காலை எடுத்ததிலும்.

அதற்குப் பிறகு அவர் சொன்னது நியாயமான கணக்கு. "காலைல இருந்த கோடு இப்ப இல்லன்னா, மாறுனது இந்த மேசையிலதான். பாய், இவ பையத் தொறந்து காட்டச் சொல்லுங்க."

பாய் என்னைப் பார்த்தார். இத்தனை மாதமாக மற்றவர்களைப் பார்க்க எனக்குப் பழக்கிவிட்ட அதே பார்வை. ஒரு தடவைகூட "சே, அவ அப்படியில்ல" என்று அவர் சொல்லவில்லை.

பையைக் கவிழ்த்தேன். சாப்பாட்டு டப்பா, சார்ஜர், குடை, ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பி. டப்பி திறந்துகொண்டு கண்ணாடிக் கற்கள் சிதறின. உடைந்த கவரிங் கம்மலில் இருந்து பெயர்த்து, படம் எடுத்துப் பழக வைத்திருந்தவை. அதில் ஒன்று நீலம். மிளகு அளவுதான், ஐந்து காரட்டுக்குப் பக்கத்தில் வராது. ஆனாலும் பாய் அதை விரலில் எடுத்து, தேவைக்கு மேல் ரொம்ப நேரம் பார்த்தார். என் வீடும் இதே ஊர்தான். ராசிக்கல் கடையில் கல்லை மாற்றிய பெண் என்று ஒரு பேச்சு கிளம்பினால் எங்கே போய் நிற்பது?

"யக்கா, நீங்க எங்கன வச்சு எடுத்தீங்க?"

"எங்க முத்தத்துல. ஏன்?"

"அதே மாதிரி ஒருதடவ வச்சுக் காட்டுங்க. வெயில்ல."

"கல்ல நான்தான் எடுப்பேன். நீ தொடாத."

தராசிலிருந்து அவரே கல்லை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். மூன்று பேரும் தெருவுக்கு இறங்கினோம். ஐந்தாறு அடி நடந்து வெயிலுக்கு வந்ததும் கையை விரித்தார். மிளகாய் கிள்ளிச் சிவந்து தடித்த கை. அதன் நடுவில் கல் நீலமாக எரிந்தது. கையைக் கொஞ்சம் சாய்த்தார். ஓரத்தில் வெள்ளி நூல்.

நான் திரும்பிக் கடையைப் பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம் பக்கத்துக் கடலைமிட்டாய்க் கடைக்காரர் வெயிலுக்காக ஒரு மஞ்சள் தார்ப்பாய் கட்டியிருந்தார். அது எங்கள் வாசலையும் சேர்த்து மூடியிருந்தது. சாய்வெயில் என் மேசைக்கு வரவே இல்லை, வந்ததெல்லாம் தார்ப்பாய் வடிகட்டிவிட்ட மஞ்சள் வெளிச்சம். மஞ்சளில் நீலக்கல் செத்துத்தான் போகும், நேர்வெயில் படாமல் உள்ளே இருக்கும் கோடு தெரியாது. நான் படித்த பாடம்தான். ஆனால் போன் தன் பாட்டில் தாளை மட்டும் வெள்ளையாக்கிக் காட்டியது, நானும் தாள் வெள்ளையாக இருக்கிறதே என்று நிம்மதியாக ஒரு மனுஷியைத் திருடி ஆக்கினேன். தலைக்கு மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை.

சொன்னேன். தார்ப்பாயைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். அவர் முழுக்க நம்பினாரா என்று தெரியவில்லை.

"அந்த வட்டம் போட்ட படத்த எடு" என்றார்.

எடுத்தேன்.

"அழி."

அழித்தேன்.

"அழிச்சா இன்னொரு எடத்துல போயிக் கெடக்குமாம்லா, ஒரு மாசம். எம் மகன் சொல்லிருக்கான். அங்கயும் அழி. பாய், உங்கதுலயும்."

பாய்க்கு அழிக்கத் தெரியாது. அவர் போனையும் வாங்கி நானே அழித்தேன். அக்கா கழுத்தை நீட்டி ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கல்லைப் பாய் கையில் வைத்து, தன் போனில் அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

"யக்கா, மன்னிச்சிருங்க. உங்க படத்தையும்..."

"என்னோடது இருக்கட்டும்" என்றார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போய்விட்டார்.

அன்றைக்குப் பாய் அந்தக் கண்ணாடிக் கற்களைப் பொறுக்கி டப்பியில் போட்டு என்னிடம் தந்தார். நீலத்தைக் கடைசியாகப் போட்டார். வேலையை விட்டுப் போ என்றும் சொல்லவில்லை, பையைத் திறக்கச் சொன்னது தப்பு என்றும் சொல்லவில்லை. மேசையை எடுத்துவிட்டோம். இப்போதெல்லாம் கல் வாங்குகிறவர் உள்ளங்கையில் வைத்து, தெருவில் வெயிலில் நின்றுதான் படம் எடுக்கிறேன்.

அந்த அக்கா ஊரில் என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. போன மாதம் பசுவந்தனையிலிருந்து ஒரு அண்ணாச்சி நீலம் பார்க்க வந்தார். நான் எடுத்து முடித்ததும் தன் போனை எடுத்து, குனிந்தும் நிமிர்ந்தும் பத்துப் பதினைந்து படம் எடுத்தார்.

"எதுக்கு அண்ணாச்சி இத்தன படம்?"

"அழகா இருக்கு, அதான்" என்றார்.