நான் ஆறு என்று சொன்ன வலி

அந்த டாக்டர் என் முதுகைப் பற்றி என்னிடம் பேசியதைவிடப் பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசியதுதான் அதிகம். மலேசியாவில், ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனை. கணினித் திரையில் என் முதுகெலும்பின் ஸ்கேன் படம் இருந்தது. அவர் பேனா மூடியால் ஓரிடத்தைத் தொட்டுத் தொட்டு, மலாயும் ஆங்கிலமும் கலந்து ஐந்து நிமிடம் பேசினார். சீனர், ஐம்பது வயதிருக்கும். அக்கா தலையாட்டிக் கேட்டார். நடுவில் இரண்டு கேள்வியும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணும் இல்ல லா. வட்டு வெலகி நரம்ப அழுத்துதாம். ஆபரேஷன் பண்ணிட்டா நல்லா நடக்கலாமாம்."

ஐந்து நிமிடப் பேச்சுக்கு இவ்வளவுதானா? மீதியை எங்கே வைத்துக்கொண்டார் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

நாங்கள் கரூரிலிருந்து இங்கே வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. என் கணவர் பொறியாளர். அந்த வருடம் அவரைச் சித்தியவான் பக்கம் ஒரு கட்டுமான வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். சனிக்கிழமை வந்து திங்கள் காலையில் போய்விடுவார். நான் தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்தால் புரியும், இந்த ஊர்க்காரர்கள் பேசினால் பாதிதான் பிடிபடும். மலாயில் சந்தையில் விலை கேட்கத் தெரியும், எண்ணத் தெரியும். அதனால் ஆஸ்பத்திரிக்கு அக்காதான் துணை. எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே சுவரால் ஒட்டியவை. அந்தக் குடியிருப்பு முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடம். அதே தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் அவர். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். தன் சின்னக் காரில் என்னை ஏற்றிக்கொண்டு போவார். நான் ஒரு தடவைகூட அவரை வரச்சொல்லிக் கேட்டதில்லை, அவராகவே வந்தார். கேட்காமல் செய்கிறவர்களை எனக்கு எப்போதுமே கொஞ்சம் பயம்.

அன்றைக்கு டாக்டர் கடைசியாக ஒன்று கேட்டார். வலி பத்துக்கு எத்தனை? இடது பிட்டத்தில் தொடங்கிப் பாதம்வரை சுளீரென்று இழுக்கும். உட்கார்ந்தால் எரியும், நின்றால் கடுக்கும், விடிகாலையில் கால் மரத்துப்போய்க் கட்டையாகக் கிடக்கும். இதற்கெல்லாம் சேர்த்து ஓர் எண் சொல்ல வேண்டும். குறைத்துச் சொன்னால் கண்டுகொள்ள மாட்டார்கள், கூட்டிச் சொன்னால் உடனே கத்தியை எடுப்பார்கள். எங்கள் ஊரில் முதுகில் கத்தி வைத்துக்கொண்டு படுக்கையோடு போனவர்களின் கதை வீட்டுக்கு ஒன்று உண்டு. யோசித்து, "ஆறுன்னு சொல்லுங்கக்கா" என்றேன்.

அக்கா டாக்டரிடம், "லாப்பான்" என்றார்.

மலாயில் லாப்பான் என்றால் எட்டு. ஆறு என்றால் 'எனாம்'. மீன்காரனிடம் தினமும் கேட்கிற எண்கள். டாக்டர் எட்டு என்று எழுதிக்கொண்டார். வீடு வரும்வரை அக்காவின் பக்கவாட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். இவருக்கு என்ன ஆதாயம்? ஊரில் நோயாளியைச் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். இங்கேயும் அப்படி இருக்காது என்று யார் சொன்னது?

நான் மறைத்ததையும் சொல்லிவிட வேண்டும். ஒன்றரை வருடமாக நான் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கரூரில் என் தங்கை வீட்டுத் தெருவில் ஒரு டாக்டர், மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் பெயர் பெற்றவர். பெயர் எதுவும் இல்லாத இரண்டு மாத்திரைகளை, ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை, வெள்ளைத்தாளில் பொட்டலம் கட்டித் தருவார். தங்கையும் முழங்காலுக்கு அதைத்தான் சாப்பிட்டாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் வாங்கி வருவேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்பச் சொல்வேன். போட்ட அரைமணி நேரத்தில் புது மனுஷி ஆகிவிடுவேன். கணவருக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன மாத்திரை, எதற்கு என்று ஆயிரம் கேள்வி கேட்பார். ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

அடுத்த தடவை மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. நான் கைப்பையில் போனின் ஒலிப்பதிவை ஓடவிட்டுக்கொண்டு உள்ளே போனேன். அந்த டாக்டர் மலாய்ப் பெண், முக்காட்டில் சிறிய ஊசி குத்தியிருந்தார். அன்பாகச் சிரித்தார், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா, நாட்டு மருந்து உண்டா என்று மெதுவான ஆங்கிலத்தில் கேட்டார். புரிந்தது. "நோ" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "நல்லா யோசிச்சு சொல்லுமா. வேற ஒண்ணும் சாப்பிடலையா?"

"இல்லக்கா."

இதயத்துடிப்பைப் பதிவு செய்ய நர்ஸ் என்னைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனாள். பை நாற்காலியிலேயே இருந்தது. திரும்பி வந்தபோது இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். டாக்டர் என் முழங்கையைத் திருப்பி, அங்கே நீலம் பாரித்திருந்த இடங்களைப் பார்த்தார். அடுத்த வாரம் காலையில் வந்து இன்னொரு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், ஆபரேஷன் தள்ளிப்போகிறது என்றார்.

"ஏங்க்கா?" என்று காரில் கேட்டேன்.

"ரத்தத்துல என்னமோ பார்க்கணுமாம் லா. எனக்கு எங்க தெரியுது?" என்றார், கண்ணாடியைப் பார்த்தபடி.

அந்த ஒலிப்பதிவை யாரிடம் கொடுத்துக் கேட்பது? கணவரிடம் கொடுத்தால் மாத்திரை விஷயம் வெளியே வரும். எங்கள் தெருமுனையில், இங்கே மாமாக் கடை என்று சொல்லும் சாப்பாட்டுக் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் தமிழ் முஸ்லிம். தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கமிருந்து வந்த குடும்பம். நான் தோசை வாங்கப் போனால், "ஊர்ல மழையா?" என்று தான் பார்த்திராத ஊரைப் பற்றி விசாரிப்பார். மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு போய், "அண்ணே, இதுல மலாய்ல என்ன பேசுறாங்கன்னு சொல்றீங்களா?" என்று போனை நீட்டினேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு காதில் வைத்தார். ஓரிடத்தில் முகம் மாறியது. மறுபடி ஓட்டிக் கேட்டார்.

"தங்கச்சி, இது நீங்க ரூம்ல இல்லாதப்ப பேசினது போலிருக்கு. எனக்குச் சொல்லவே சங்கடமா இருக்கு."

"சொல்லுங்கண்ணே."

"அந்தம்மா டாக்டர்கிட்ட சொல்றாங்க. இந்தப் பொண்ணு இந்தியாவிலேர்ந்து பேர் இல்லாத மாத்திர கொண்டாந்து சாப்பிடுது, மாத்திர ஒட்டியிருந்த பொட்டலத் தாள நான் குப்பையில பார்த்தேன். நான் சொன்னேன்னு அதுக்குத் தெரிய வேணாம், வெட்கப்படும். ரத்தம் எடுத்துப் பார்த்துத் தெரிஞ்சிக்கிட்ட மாதிரி கேளுங்கன்னு சொல்றாங்க." போனைத் திருப்பிக் கொடுத்தார். "அவங்க கெடுதல் ஒண்ணும் செய்யலயே. நீங்க இப்படி ஒளிச்சு வச்சுப் பதிவு பண்ணினதுதான் எனக்குச் சரியாப் படல."

நன்றி சொன்னதாக நினைவில்லை. கால் இழுக்க இழுக்க வீட்டுக்கு நடந்தேன். என் குப்பையைக் கிளறியிருக்கிறார். வேறு என்னவெல்லாம் பார்த்தாரோ? சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நான் பேசுவதையெல்லாம் கேட்கிறாரோ? இந்தக் கடைக்காரர் இனி யார் யாரிடம் சொல்லுவாரோ?

அப்போதுதான் அந்தப் புத்திசாலித்தனமான முடிவை எடுத்தேன். மாத்திரையை அன்றோடு நிறுத்திவிட்டால், ரத்தத்தில் எதுவும் இருக்காது. பரிசோதனை சுத்தமாக வரும். பொய் சொன்னவர் அக்கா என்று ஆகிவிடும்.

முதல் நாள் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். அக்கா வேலி வழியாகக் கூப்பிட்டார், தூங்குவது போல இருந்துவிட்டேன். இரண்டாம் நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை பல் தேய்க்க எழுந்தவள் சமையலறைவரைகூடப் போகவில்லை. கண் இருட்டியது. வாந்தி வந்தது. தரையில் உட்கார்ந்தேன், பிறகு படுத்துவிட்டேன். வலி என்று சொல்ல முடியாது, உடம்பிலிருந்து யாரோ உயிரை உருவிக்கொண்டு போவது போல ஒரு சோர்வு. முந்தின இரவு தொடாமல் வைத்த சோற்றுத் தட்டின் கரண்டி கைக்கு எட்டியது. பொதுச்சுவரில் தட்டினேன்.

பின்கதவுப் பக்கம் அக்காவின் குரல் கேட்டது. தவழ்ந்து போய்த் தாழ்ப்பாளை இழுத்துவிட்டேன்.

"ஐயோ, என்னமா இது! எந்திரிக்க முடியுதா?" என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "மாத்திரய நிறுத்திட்டியா?" என்றார்.

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. எதிர்வீட்டுக்காரரை அழைத்து, இருவருமாக என்னைக் காரில் ஏற்றினார்கள். கதவைச் சாத்தும் முன் அக்கா கேட்டார்: "எங்க வச்சிருக்க?"

"அரிசி டிரம்முக்குப் பின்னால."

அவசரப் பிரிவில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். அக்கா பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

"நான் சொல்லவா, நீயே சொல்றியா?"

நானே சொன்னேன். உடைந்த ஆங்கிலத்தில், ஒன்றரை வருடம், தினம் இரண்டு என்று சொன்னேன். அந்த இளம் டாக்டர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார், திட்டவில்லை. அக்கா ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார். இதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறார்கள். பல மாதம் சாப்பிட்டால் உடம்பு தானாக அதைச் சுரப்பதை நிறுத்திவிடும். அதனால் திடீரென்று நிறுத்தவே கூடாது. இது தெரியாமல் ஆபரேஷன் மேசையில் படுத்திருந்தால் ரத்த அழுத்தம் இறங்கி ஆபத்தாகியிருக்கும். இந்தத் தடவை அக்கா எதையும் விழுங்கவில்லை. விழுங்கியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

நான்கு நாள் இருந்தேன். கணவர் லீவு போட்டு வந்தார். டின்னைத் திறந்து பார்த்தார், மூடினார். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அக்காவிடம் கேட்டேன். "அன்னிக்கு நான் ஆறுன்னு சொன்னேன். நீங்க ஏன் எட்டுன்னு சொன்னீங்க?"

அக்கா ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். "நீ உக்காரும்போது பல்ல கடிச்சத நான்தான பார்த்தேன். டாக்டரா பார்த்தாரு? எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான், லாரி ஓட்டி முதுகு போச்சு. டாக்டர் கேட்டா ஒண்ணுமில்லம்பாரு. கடையில கிடைக்கிற வலி மாத்திரய வாங்கி வாங்கித் தின்னு, வயித்துல ரத்தம் கசிஞ்சு, அப்படியே போயிட்டாரு. அவரு கொறச்சு சொன்ன நம்பரயே நானும் டாக்டர்கிட்ட சொல்லிட்டிருந்தேன்."

ஒரு சுளையை என் கையில் வைத்தார்.

"குப்பையில பார்த்தீங்களாமே?"

உரிக்கும் கை நின்றது. யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. "தோங் சம்பாவ குரங்கு கவுத்துப் போட்டிருச்சு. கூட்டி அள்ளினேன்."

எங்கள் பக்கம் குரங்குகள் உண்டுதான். மலையிலிருந்து இறங்கி வந்து, தோங் சம்பா என்கிற குப்பைத்தொட்டிகளைக் கவிழ்த்துத் தெருவெல்லாம் குப்பையை இழுத்துப் போடும். ஆனால் அந்த வாரம் குரங்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. மேற்கொண்டு கேட்கவில்லை. நான் பதிவு செய்ததைப் பற்றியும் சொல்லவில்லை.

ஆபரேஷன் ஏழு வாரம் கழித்து நடந்தது. அதுவரை அவர்கள் கொடுத்த மாத்திரைகள் ஒவ்வொன்றின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி, கணவரை இணையத்தில் தேடிப் படிக்கச் சொன்னேன். நரம்பு வலிக்குக் கொடுத்த ஒன்று நாள் முழுக்கத் தூங்க வைத்தது. என்னைப் பேசவிடாமல் செய்யத்தான் கொடுக்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டபோது அவர் சிரிக்காமல் பதில் சொல்லி அளவைக் குறைத்தார். அன்றுதான் அவரைப் பிடித்தது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது பகல். கையில் ஒரு பொத்தானைக் கொடுத்திருந்தார்கள், வலித்தால் அழுத்திக்கொள்ள வேண்டுமாம். மார்ஃபின் என்றதும் கணவர் முகம் வெளுத்தது. பழகிவிட்டால் என்ன செய்வது என்றார். நானும் ஒரு மணி நேரம் அழுத்தாமல் வியர்த்துக் கிடந்தேன். நர்ஸ் வந்து, அளவுக்கு மேல் போகாதபடி இயந்திரமே தடுத்துவிடும், வலியோடு கிடந்தால் நாளைக்கு எழுந்து நடக்க முடியாது என்று விளக்கினாள். வாசலில் நின்ற அக்கா அதைத் தமிழில் சொல்லி முடிக்கும் முன்பே அழுத்திவிட்டேன்.

மறுநாள் கட்டிலிலிருந்து கழிவறைவரை நடந்தேன். பழைய சுளீர் இல்லை. தையல் வலி வேறு மாதிரி வலி, அது நாளுக்கு நாள் குறைகிற வகை. அந்தப் பெயரில்லாத மாத்திரைக்குப் பதிலாகப் பெயருள்ள ஒன்றைக் கொடுத்து, ஐந்து மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள்.

தங்கையிடம் சொன்னேன். வீடியோவில் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லி, "நீயும் நிறுத்தணும். ஆனா திடீர்னு நிறுத்திடாத, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டு நிறுத்து" என்றேன்.

"அந்த ஊர் டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நம்ம டாக்டரோட மருந்துல குத்தம் கண்டுபிடிச்சாதானே அவங்க பொழப்பு ஓடும்?" என்றாள்.

சண்டை வந்தது. இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு அவளே கூப்பிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துவிட்டதாகவும் மாத்திரையைக் குறைத்துக்கொண்டு வருவதாகவும் சொன்னாள். எந்த ஆஸ்பத்திரி என்றேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருப்பது என்றாள். டாக்டர் ஆணா பெண்ணா என்றேன். சிக்னல் சரியில்லை என்றாள்.

போன வாரம் பேசும்போது துணி எடுக்க மாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். போனைக் கையில் பிடித்தபடி, பேச்சை நிறுத்தாமல், கைப்பிடியைத் தொடாமல் விறுவிறுவென்று ஏறினாள். முழங்கால் எப்படியிருக்கிறது என்று கேட்டேன்.

"இப்ப தேவலாம்க்கா" என்றாள்.