ஏணியின் நாலாவது சீட்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் எதிர் வீட்டுக்காரர் ஹெல்மெட் மாட்டி, கையுறை போட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்கிறது. சாவி மேலே வீட்டில் ஆணியில் தொங்குகிறது. ஒன்பதே முக்கால் வரை அவர் எங்கும் போகமாட்டார். நடுவில் ஒருமுறை இடப்பக்கம் லேசாகச் சாய்வார், ஒருமுறை வலப்பக்கம். வளைவு வருகிறது என்று அர்த்தம். டேங்கின் மேல் ஒரு சின்ன நோட்டு கிடக்கும். ‘12 நிமிடம், இடது தொடை மரத்தது’ என்று எழுதிவிட்டு மறுபடி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வார்.

எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வந்தவர்கள் மரியாதைக்காக, கிளம்பிவிட்டீர்களா என்று கேட்பார்கள். இல்லை, உட்கார்ந்திருக்கிறேன் என்று அவரும் மரியாதையாகவே பதில் சொல்வார். எதிர் வீட்டுக்காரன் என்ற உரிமையில் நான் இன்னும் கொஞ்சம் தோண்டினேன். “சீட்டு உடனே அதோட குணத்தக் காட்டாது சார். முதல் பத்து நிமிஷம் எல்லா சீட்டும் நல்ல சீட்டுதான். அதுக்கப்புறம்தான் சுயரூபம் தெரியும்” என்றார்.

ஆறடி ஐந்தங்குலம். லிஃப்ட் பழுது பார்ப்பது தொழில். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் அவர் ஏணி. ஆஸ்பத்திரி, அலுவலகம், அடுக்குமாடி என்று ஒரு நாளைக்கு எட்டு கட்டடமாவது ஏறி இறங்குவார். ஒரு கட்டடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இந்த மோட்டார் சைக்கிள். அதைச் செய்தவர்கள் என்னைப்போல் ஐந்தடி இரண்டங்குல ஆசாமியை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். நான் உட்கார்ந்தால் அது வண்டி. அவர் உட்கார்ந்தால் குழந்தையின் மூன்று சக்கரச் சைக்கிளில் மாமா உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும். வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலது முழங்காலை முதலில் அகல விரித்து வழிவிட வேண்டும். அந்தச் சாலையில் தினமும் போகிறவர்களுக்கு இது பழகிவிட்டது. முழங்கால் விரிந்தால் பின்னால் வருகிறவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். அதனால் இண்டிகேட்டர் விளக்கு கெட்டுப்போய் ஒரு வருடம் ஆகியும் அவருக்கே தெரியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் எலும்பு டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். இப்படி மடக்கியே வைத்திருந்தால் மூட்டு தேய்ந்துவிடும், ஒன்று வண்டியை மாற்றுங்கள், இல்லையென்றால் சீட்டை மாற்றுங்கள். வண்டியையே மாற்றிவிடலாமே என்று நானும் கேட்டேன். “வண்டி என்ன சார் தப்பு பண்ணுச்சு?” என்று கேட்டார்.

அன்றிலிருந்து மனிதருக்கு உலகமே உட்காரும் இடங்களாகத் தெரிய ஆரம்பித்தது. எங்கே போனாலும் நாற்காலியைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, பள்ளம் மேலே எழும்பும்வரை வாய்க்குள் எண்ணுவார். எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது சோபாவை அப்படி அழுத்தினார், எண்ணினார், உட்காராமல் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனார். என் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

முதல் சீட், கடையில் ரெடிமேடாக வாங்கியது. உள்ளே ஏதோ ஜெல். வெயிலில் நிறுத்திவிட்டுப் போனால் அத்தனை சூட்டையும் பத்திரமாகச் சேர்த்துவைத்திருந்து இவர் வந்ததும் ஒப்படைக்கும். ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி சீட்டைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் கிளம்புவார். லிஃப்டைச் சரிசெய்தவர் வாளியோடு ஓடுவதைப் பார்த்துத் தீப்பிடித்துவிட்டதென்று ஓர் அலுவலகமே படி வழியாக இறங்கி ஓடியிருக்கிறது.

இரண்டாவது, சொந்தத் தயாரிப்பு. யாரோ கழித்துப்போட்ட அலுவலக நாற்காலியின் மேல்பாகத்தைக் கழற்றி, அதன் சுழலும் தட்டோடு சேர்த்தே வண்டியில் முடுக்கிவிட்டார். இடுப்பு தாராளமாகத் திரும்பினால் முழங்கால் தப்பித்துவிடும் என்பது அவருடைய கணக்கு. தெருமுனை வரைக்கும் கணக்கு சரியாகத்தான் இருந்தது. முனையில் வண்டி வலப்பக்கம் திரும்பியது, இவர் மட்டும் நேராகப் போனார். நல்லவேளையாக எதிரில் இருந்தது செடி விற்கிற இடம்.

பிறகுதான் சீட்காரரிடம் போனார். ரெக்சினும் ஃபோமும் கத்தரிக்கோலுமாக ஒற்றை அறையில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர் ஜென்மத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டியதில்லை. ஆனால் தைக்கும் சீட் ஒவ்வொன்றுக்கும் தனிக் கவனம். ஈர மணலைத் தட்டில் பரப்பி ஆளை உட்கார வைப்பார். பதிந்த பள்ளம்தான் அளவு. அந்தப் பள்ளத்துக்கு ஏற்றபடி ஃபோமைச் சீவுவார்.

ஏணி, வேலையிலிருந்து நேராகப் போய் மணலில் உட்கார்ந்தார். பின்பாக்கெட்டில் எப்போதும் இருக்கும் பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுக்க மறந்துவிட்டார். சீட்காரர் பதிந்ததைப் பார்த்தார். மனித உடம்பில் எத்தனையோ விதம் என்று நினைத்திருக்க வேண்டும், ஒரு வார்த்தை கேட்காமல் அப்படியே சீவிவிட்டார். மூன்றாவது சீட்டில் ஸ்பேனருக்கென்று அளவெடுத்த தொட்டில் ஒன்று அமைந்தது. ஸ்பேனரோடு உட்கார்ந்தால் சுகம். இல்லாமல் உட்கார்ந்தால் ஆள் இடப்பக்கம் இறங்கிவிடுவார். கல்யாண வீட்டுக்குப் பட்டுச் சட்டையும் ஸ்பேனருமாகப் போய்வந்தது அந்தக் காலத்தில்தான். அதற்கும் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

நாலாவது சீட்டை ஒரு மாதம் திட்டமிட்டார்கள். எனக்கும் பாடம் நடந்தது. “ஒசரம் மட்டும் ஏத்துனா பத்தாது சார். மேல மூணு இன்ச்சு, பின்னால நாலு இன்ச்சு தள்ளணும். முன்பக்கம் சரியவே கூடாது. சரிஞ்சா ஒவ்வொரு பிரேக்குக்கும் டேங்க்ல போய் முட்டிட்டு நிக்கணும்.” பாக்கெட்டைக் காலிசெய்துகொண்டு மணலில் உட்கார்ந்தார். முழங்காலுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் ஒரு கை நுழையும்படி இடம் கிடைத்தது. சீட்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம், பின்னால் யாராவது உட்காருவார்களா என்று. தொடையின் சுகத்தில் கண்மூடியிருந்த ஏணி, “உக்காருவாங்க, ஒல்லியான ஆள்தான்” என்று சொல்லிவிட்டார். சீட்காரர் அதற்கும் தகுந்தபடி ஒரு சாண் விட்டார்.

அந்த ஒல்லியான ஆள் அவருடைய மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் பொருத்துகிற வேலை. ஐந்தடி இருந்தால் அதிகம். காலையில் இவர்தான் கொண்டுபோய் விடுவார், இருபத்திரண்டு நிமிடப் பயணம். சாயங்காலம் இவர் வரும்போது அந்தம்மா கடையில் இருப்பார். அந்தம்மா வரும்போது இவர் மறுபடி அவசர அழைப்பு வந்து ஏதாவது ஒரு கட்டடத்தில் இரண்டு மாடிக்கு நடுவே தொங்கிக்கொண்டிருப்பார். ஆகவே அந்தக் குடும்பத்தில் எது பேசவேண்டுமானாலும் வண்டியில்தான். வாடகை வீடு மாறியது, தம்பி கல்யாணத்துக்குப் போகாமலிருந்தது, பிள்ளை இல்லை என்றால் இல்லை, இனி டாக்டரிடம் போகவேண்டாம் என்று முடிவெடுத்தது எல்லாம் அந்த இருபத்திரண்டு நிமிடத்தில்தான். அந்தம்மாவே என் மனைவியிடம் சொன்னது இது. மூன்று வருடம் எழுதிய நோட்டில் பின்சீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை என்பதை நான் பிற்பாடுதான் பார்த்தேன். அன்று எனக்கு அவர்மேல் கோபமே வந்தது.

புது சீட் வந்த மறுநாள் காலை, அந்தம்மா சாப்பாட்டுப் பையும் ஹெல்மெட்டுமாகக் கீழே வந்தார். சீட்டைப் பார்த்தார். பின்னால் மிச்சமிருந்த சாணில் பையை வைத்துப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

“பைக்கு இடம் இருக்கு. நான் பஸ்ல போய்க்கறேன்.”

அதில் கோபம் இல்லை, கடையில் வந்தவரிடம் இந்த ஃபிரேம் உங்கள் முகத்துக்குச் சேராது என்று சொல்வதுபோல்தான் சொன்னார். ஏணிதான் ஆடிப்போய்விட்டார். நான் போகும் பஸ்ஸும் அதுதான். அந்தம்மா ஜன்னல் ஓரம், நான் பின்சீட். முதல் நிறுத்தத்தில் பஸ் நின்றதும் ஜன்னலுக்கு வெளியே ஒரு ஹெல்மெட் வந்து நின்றது. மூன்று அங்குலம் உயர்ந்ததில் அவர் முகம் ஜன்னலுக்கு நேராக வந்திருந்தது. கண்ணாடியை நகர்த்தச் சொல்லி, குளியலறைக் குழாய் ஒழுகுகிறதே, ஆளைக் கூப்பிடவா என்று கேட்டார். அந்தம்மா பதில் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. பதிலை அடுத்த நிறுத்தத்தில் வாங்கிக்கொண்டார்.

ஒன்பது நாள் இப்படி நடந்தது. பஸ் நிற்கும் இடமெல்லாம் ஏணி நிற்பார். நடத்துநர் முதலில் எரிந்து விழுந்தார், ஒன்று உள்ளே வாருங்கள், இல்லையென்றால் முன்னால் போங்கள் என்றார். பிறகு அவரும் குடும்பத்தில் ஒருவராகிவிட்டார். புது ஃபிரிட்ஜ் நீலமா சாம்பலா என்ற பேச்சு மூன்று நிறுத்தம் நீண்டபோது, பஸ்ஸில் பதினொரு பேர் சாம்பலுக்கும் நான்கு பேர் நீலத்துக்கும் கை தூக்கினார்கள். நான் சாம்பல். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, நீலம் என்றார்.

நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமையும் மனிதர் வழக்கம்போல் கீழே உட்கார்ந்திருந்தார். நோட்டை எட்டிப் பார்த்தேன். ‘45 நிமிடம், எந்த வலியும் இல்லை.’ மூன்று வருடமாக எழுதத் துடித்த வரி அது. முகம் மட்டும் துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருந்தது. வாழ்த்துச் சொல்ல வந்தவன் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

பத்தாம் நாள் காலை அந்தம்மா பஸ்ஸில் ஏறியதிலிருந்து பேசவில்லை. பார்வை மடியிலிருந்த போனிலேயே இருந்தது. இரண்டாவது நிறுத்தத்தில் ஏணி வந்து, ஃபிரிட்ஜ் நாளைக்கு வருகிறதாம் என்றார். தலையாட்டல்கூட இல்லை. மூன்றாவதில், “என்னமா, ஒரு மாதிரி இருக்க?” என்று கேட்டார். நடத்துநர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். முன்சீட் ஆட்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். நானும்தான் காதைத் தீட்டிக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

அந்தம்மா எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“காலையில அம்மாவுக்கு போன் பண்ணேன். நான் யாருன்னு கேக்கறாங்க. இத ஜன்னல் வழியா பேச முடியாதுங்க.”

பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வழியில் நின்றவர்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். ஃபிரிட்ஜுக்குக் கை தூக்கியதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தம்மா இறங்கி, வண்டிப் பக்கத்தில் போய் நின்றார். பின்னால் அதே ஒரு சாண்தான் இருந்தது. ஏணி திரும்பி அதைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். என்ஜினை அணைத்தார். ஒன்பது நாளாக வண்டியின் பக்கவாட்டில் தொங்கிய அந்தம்மாவின் ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார். பிறகு இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி, அந்த நாலாவது சீட்டை அப்படியே விட்டுவிட்டு, முன்னால் பெட்ரோல் டேங்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். முழங்கால் இரண்டும் முழங்கைக்கு மேலே வந்துவிட்டன. டாக்டர் பார்த்திருந்தால் தொழிலையே விட்டிருப்பார்.

அவர் காலிசெய்த இடத்தில் அந்தம்மா ஏறி அமர்ந்தார். மேலே மூன்று அங்குலம், பின்னால் நான்கு அங்குலம், முன்பக்கம் சரியாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து முதுகையே பார்த்துக்கொண்டு வந்தவருக்கு அன்றுதான் அவர் தோளுக்கு மேலே முகம் எட்டியது, சாலையும் தெரிந்தது. பஸ் கிளம்பாமல் நின்றது. யாரும் ஓட்டுநரைக் கேட்கவும் இல்லை.

“நல்லா இருக்குங்க இந்த சீட்டு” என்றார் அந்தம்மா. குரல் உடைந்திருந்தது.

ஏணி ஹெல்மெட்டின் வாரைக் கொஞ்சம் தளர்த்தி, தலையைப் பின்னால் சாய்த்து, காதை மனைவியின் பக்கம் கொடுத்தார்.