துலுக்காத கிடா

அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அதுவரை வருடத்துக்கு ஒருமுறை வந்து, நான் அவரோடு பழகி முடிப்பதற்குள் ரயிலேறிவிடுகிறவர். இனிமேல் போகமாட்டார் என்று அம்மா சொன்னதை நான் வகுப்பில் ஒருவர் விடாமல் சொல்லித் தீர்த்தேன்.

வந்த சூட்டோடு பால் ஆட்டுப் பண்ணை போடப்போவதாக அறிவித்தார். செட்டியார்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கிருந்த துண்டு நிலத்தில் அம்மா ஏற்கெனவே சில வெள்ளாடுகள் வைத்திருந்தாள். பால்கோவாவுக்குப் பேர்போன சீமையில் ஆட்டுப்பாலை எவன் வாங்குவான் என்று சொந்தபந்தமெல்லாம் சிரித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு சித்த வைத்தியர் வாங்கினார். மருந்தோடு கொடுக்க அவருக்குத் தினமும் பால் வேண்டும், நடுவில் நிற்கவே கூடாது. அவர் போட்ட நிபந்தனை அது ஒன்றுதான்.

நிற்காமலிருக்க அப்பாவிடம் திட்டம் இருந்தது. ஆடுகளை இரண்டு அணியாகப் பிரித்தார். ஓர் அணி இப்போது சினையாகும், மற்றது ஆறு மாதம் கழித்து. ஒன்றுக்குப் பால் வற்றும்போது அடுத்தது கறவைக்கு வந்துவிடும். எல்லையில் காவல் மாற்றுவதும் இப்படித்தான் என்றார். ஆடுகளும் பணிவாகக் கேட்டுக்கொண்டு நின்றன.

கேட்காதது அம்மா குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்டிருந்த கிடா மட்டும்தான். நேர்ந்துவிட்ட கிடாவைக் கட்டிப்போடக் கூடாது, அடிக்கக் கூடாது, காயடிப்பது என்ற பேச்சே கூடாது. சாமிக்குப் போகிற உயிர் குறையில்லாமல் போகவேண்டும். எதற்கு நேர்ந்தது என்று கேட்டால், நிறைவேற்றும் முன் வாய்விட்டுச் சொன்னால் பலிக்காது என்பாள். வருகிற சிவராத்திரியில் முடித்துவிடலாம் என்றதோடு சரி.

அதுவரை என்ன செய்வது? அம்மா வேலைபார்த்த பேண்டேஜ் கம்பெனியில் கழித்துப்போட்ட துணியைக் கொண்டுவரச் சொல்லி, கிடாவின் வயிற்றைச் சுற்றி அப்பா ஒரு மறைப்புக் கட்டினார். பட்டாளத்துக்காரர் கிடாவுக்குக் கோவணம் கட்டியிருக்கிறார் என்று ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. கிடா அதை வேலிமுள்ளில் மாட்டிக் கிழித்துப்போட்டுவிட்டு, வைகாசி மாதம் முழுக்க அணி வித்தியாசம் பாராமல் தன் கடமையைச் செய்தது.

ஐப்பசியில் எல்லா ஆடுகளும் அடுத்தடுத்துக் குட்டி போட்டன. பால் ஊற்றி வைக்க வீட்டில் பாத்திரமில்லை. தை முடிவதற்குள் எல்லா மடிகளும் சொல்லிவைத்தாற்போல் வற்றின. வைத்தியர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். அப்பா பெங்களூரில் காவலாளி வேலைக்குச் சொல்லிவைத்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பரணிலிருந்து அவருடைய தகரப்பெட்டி இறங்கியதைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். அன்று பள்ளிக்கூடம் போகாமல் அழுதேன்.

கிடா ஒழிந்தால் திட்டம் சரியாகும், திட்டம் சரியானால் அப்பா இருப்பார். என் கணக்கு அவ்வளவுதான். சிவராத்திரி எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

அன்று காலை கிடாவைக் குளிப்பாட்டினோம். ஆடு நனைந்தால் உடம்பை உதறும், நம் மேலெல்லாம் தெறிக்கும். முதுகின் நடுவில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டால் உதறாது என்று அம்மா செய்து காட்டினாள். நானும் வைத்துப் பார்த்தேன், அப்பாவும் வைத்துப் பார்த்தார்.

மலையடிவாரத்துக் குலதெய்வக் கோயிலில் அந்த உதறலுக்குத்தான் மரியாதை. கழுத்தில் மாலை போட்டு, மஞ்சள்தண்ணீர் தெளித்ததும் கிடா உடம்பை உதறித் துலுக்கவேண்டும். துலுக்கினால் சாமிக்குச் சம்மதம். துலுக்காத கிடாவை வெட்டமாட்டார்கள்.

பூசாரி செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு என்ன நேர்ச்சை என்று கேட்டார். சாமி முன்னால் சொல்லித்தான் ஆகவேண்டும். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இவிய எல்லையில இருந்தப்ப, அங்கன மலையில பனி சரிஞ்சிட்டுன்னு டிவியில சொன்னாவ. இவியகிட்டருந்து போனே வரல. இந்த உசுர எடுத்துக்கிட்டு அந்த உசுரத் தந்துருன்னு கேட்டேன்."

அப்பா கிடாவிடம் போனார். மிரளுகிறது, நான் பிடித்துக்கொள்கிறேன் என்று அதை ஒட்டிக் குத்தவைத்து உட்கார்ந்தார். பூசாரி தண்ணீர் தெளித்தார். கிடா கல்லாக நின்றது. திரும்பத் திரும்பத் தெளித்தும் அசையவில்லை. உதறு, உதறு என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அப்போதுதான், முதுகில் சரிந்து கிடந்த மாலைக்கு அடியில் அப்பாவின் கை இருப்பதைக் கண்டேன்.

சாமி இன்னும் கேட்கவில்லை, அடுத்த வருசம் பார்ப்போம் என்றார் பூசாரி. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. நேர்ச்சை நிலுவையில் நிற்கும்போது இவர் ஊர் எல்லையைத் தாண்டவே கூடாது என்று அங்கேயே சொல்லிவிட்டாள்.

"சாமி மெதுவாக் கேக்கட்டும். நான் எங்கயும் போகல" என்றார் அப்பா.

தகரப்பெட்டி பரணுக்கு ஏறியது. திட்டம் தலைகீழாக மாறியது. கிடா வெளியே திரிந்தது, பெட்டை ஆடுகள் வேலிக்குள் நின்று தீவனம் தின்றன. முறை வருகிற அணிக்கு மட்டும் அப்பா கதவைத் திறந்துவிட்டார். இந்த எளிய வழி முதலிலேயே ஏன் தோன்றவில்லை என்று அம்மா கேட்டபோது அவர் வேலிக்கதவைச் சாத்தப் போய்விட்டார். வைத்தியரும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

அடுத்த சிவராத்திரியிலும் கிடா துலுக்கவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. தாடி நரைத்து, பல் விழுந்து, ஒருநாள் எங்கள் வேப்பமரத்தடியில் தானாகவே செத்துப்போனது. அப்பா குழி வெட்டினார்.

அத்தனை வருடமும், அப்பாவின் திருட்டுத்தனம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று பெருமையோடு வாயை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டாம் சிவராத்திரியிலிருந்து ஒவ்வொரு தடவையும் பூசாரி செம்பைத் தூக்குமுன் அம்மா குனிந்து, மாலையை இழுத்து அப்பாவின் கைமேல் சரியாகப் போட்டுவிட்டு நகர்வாள். மாலை கோணலாக இருந்ததால் சரிசெய்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.